மந்த காலமும் இளைஞர் வாணிகமும்

வியாபார மந்தம் என்னுஞ் சொல்லைப் பத்திரிகையிற் காணும் மாணவர் பலர், அது பாங்கிக்காரரையும் ஆலை முதலாளிகளையும் பற்றிய செய்தியென்றெண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவர். உண்மையில் அதனாற் பெரிதுந் தாக்கப்படுவோருள் அவ்வாண்டிலே கலாசாலையை விட்டு வெளிவரும் பட்டதாரிகளும் அடங்குவர். கம்பெனிகள் உள்ளவரை நீக்கத் தொடங்குமுன்னரே புதியோரைச் சேர்ப்பதை நிறுத்திவிடுதல் வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1933-ஆம் ஆண்டிலே உழைக்க வல்லாருள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் வேலையற்றிருந்தனர். 2008-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப் பின், 2009 அக்டோபரில் அவ்விகிதம் மீண்டும் நூற்றுக்குப் பத்தாக உயர்ந்தது. இத்தகைய காலங்களிற் பிறர் தரும் வேலைக்குக் காத்திராது தாமே தொழில் தொடங்கிய இளைஞர் சிலர், கையிற் பொருளின்றித் தம் சரக்கை எவ்வாறு விலைப்படுத்தினர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மந்த காலத்திற்கு ஒரு விநோதமான இயல்புண்டு. வாங்குவோர் கையைச் சுருக்கிக்கொள்ளுகின்றனர் என்பது மெய்யே. ஆனால் விற்போரோ அவரினும் முந்திச் சுருங்கிவிடுகின்றனர். செலவைக் குறைக்க முற்படும் பெருங் கம்பெனி முதலிற் கைவைப்பது பெரும்பாலும் விளம்பரத்திலேயாம். ஆதலின் சந்தையில் ஆரவாரம் அடங்குகின்றது. அடங்கிய இடத்தில் மெல்லிய குரலும் கேட்கும். 1930-க்குப் பிற்பட்ட பெருமந்தத்திலே, மிச்சிகன் மாகாணத்துப் பாட்டில் கிரீக் நகரிற் பிறந்த இரு காலையுணவுத் தானியக் கம்பெனிகளுள் போஸ்ட் என்பது விளம்பரத்தைக் குறைத்தது. கெல்லாக் என்பது அதனை இருமடங்காக்கியது. சில ஆண்டுகளில் முன்னிற்பது எது என்ற வினா தீர்ந்துவிட்டது. கெல்லாக்கே முந்தியது. ஆயினும் இவ்வுதாரணம் இளைஞருக்கு நேரே பயன்படாது. விளம்பரத்தை இருமடங்காக்குவதற்கு முதலில் ஒரு மடங்காவது கையில் இருத்தல் வேண்டுமன்றோ? பொருளில்லாதார் யுக்தியைக் கொண்டே அவ்விடத்தை நிரப்பவேண்டியவராகின்றனர்.

அவருள் முன்னோராகக் கருதத்தக்கவர் வில்லியம் ஹியூலெட், டேவிட் பாக்கார்ட் என்னும் இருவர். 1934-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையிற் பட்டம் பெற்ற இவர்கள், 1937-இல் அமெரிக்காவிலே மீண்டும் தோன்றிய மந்தத்தின் சுவடு முற்றும் மறையாத வேளையில், பாலோ ஆல்டோவில் ஒரு மோட்டார்க் கொட்டகையைத் தொழிற்சாலையாக்கினர். கையிலிருந்த முதல் 538 டாலர். 1939 ஜனவரி முதல் நாளிற் கூட்டுவாணிகப் பத்திரம் எழுதியபோது, யார் பெயர் முன்னிற்பது என்பதை ஒரு நாணயத்தைச் சுண்டியே தீர்மானித்தனராம். அவர்கள் செய்த கருவி ஒலியலைகளை உண்டாக்கும் ஒரு யந்திரம். அதிற் சிறு மின்விளக்கொன்றை அலையைச் சீர்ப்படுத்தும் தடையாக ஹியூலெட் அமைத்தமையால், இருநூறு டாலருக்கு மேல் விற்ற பிறர் கருவிகளுக்கு எதிராக இதனை மிகக் குறைந்த விலைக்கு விற்றல் இயல்வதாயிற்று. இவ்வொரு சிறு விளக்கே அவர்களுடைய உண்மையான மூலதனம் எனலாம்.

விற்பனையோ இன்னும் எளிய வகையில் நடைபெற்றது. தம் ஆசிரியர் பிரெடரிக் டெர்மன் கொடுத்த ஏறக்குறைய இருபத்தைந்து முகவரிகளுக்கு இரண்டு பக்க விளம்பரத்தாள் ஒன்றை அனுப்பினர், அவ்வளவே. கருவிக்கு '200 ஏ' என்று பெயரிட்டதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'முதலாம் எண்' என்றிட்டால் நேற்றுத் தொடங்கியவரென்று வாங்குவோர் ஐயுறுவர் என அஞ்சினர். சில வாரங்களிற் கடிதங்கள் வந்தன. சிலவற்றிற் பணமும் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் விலையை 54 டாலர் 40 சென்டு என்று வைத்தது கணக்குப் பார்த்தன்று; பழைய அரசியல் முழக்கமொன்றில் வரும் எண்ணை நினைந்தே அவ்வாறு வைத்தனர். அவ்விலை செய்கூலிக்கே போதாதென்பது பின்னர்த் தெரிந்தது. அடுத்து வந்த '200 பி' என்னுங் கருவியை 71 டாலர் 50 சென்டுக்கு விற்றனர். வால்ட் டிஸ்னியின் நிலையத்தார் 'பேண்டேஸியா' என்னும் படத்தின் ஒலியமைப்புக்காக அதில் எட்டு வாங்கினர். யுக்தி நிறைந்த பெயரும் கணக்குக் குறைந்த விலையும் ஒரே கொட்டகையிற் பிறந்தன என்பதை வாணிகம் பயில்வோர் கருதுக.

இனி நம் காலத்திற்கு வருவோம். பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்போர் ரோட் ஐலண்டுச் சித்திரக் கலாசாலையிற் பயின்ற நண்பர். 2007-இல் இருவருக்கும் வயது இருபத்தாறு. சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரே வீட்டிற் குடியிருந்தனர்; வீட்டு வாடகை உயர்ந்தது; செலுத்தும் வகையில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அங்கு நிகழ்ந்த ஒரு வடிவமைப்போர் மகாநாட்டினால் விடுதிகளெல்லாம் நிரம்பின. உடனே இவர்கள் காற்றடைத்த மெத்தைகள் மூன்றைத் தம் கூடத்திலே விரித்து, காலையுணவுடன் நாளொன்றுக்கு 80 டாலர் என அறிவித்தனர். மூவர் வந்து தங்கினர். இதனையே தொழிலாக்கலாமென்று கருதி, நாதன் பிளெச்சார்சிக் என்னும் யந்திரக்கணித வல்லுநரையுஞ் சேர்த்துக்கொண்டு ஒரு வலைத்தளம் அமைத்தனர். இக்காலத்து ஏர்பிஎன்பி என வழங்குவது அதுவே.

2008 ஜூனிற் பணம் இடுவோர் எழுவரிடம் ஒன்றரை லட்சம் டாலர் கேட்டனர். கம்பெனியிற் பத்திலொரு பங்கு தருவதாகவுங் கூறினர். ஐவர் மறுத்தெழுதினர்; இருவர் விடையே எழுதவில்லை. அவர்களைக் குறைகூறுதற்கில்லை. முன்பின் அறியாதவரைத் தன் வீட்டிற் படுக்கவிடுவார் யார்? அன்னியன் வீட்டிற் கண்ணயர்வார் யார்? அவ்வாண்டு ஆகஸ்டில் டென்வர் நகரில் ஜனநாயகக் கட்சியின் மகாநாடு கூடியபோது சிறிது வியாபாரம் நடந்தது. மகாநாடு முடிந்தவுடன் அதுவும் நின்றது. செப்டம்பர் 15-ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரும் பாங்கி முறிந்தது. நண்பரின் கடனட்டைகளோ ஓர் ஆல்பம் நிறையச் சேர்ந்திருந்தன.

அப்போது அவர்கள் செய்த காரியம் நகைப்பிற்கிடமானது. காலையுணவு தருவதாகச் சொல்லும் கம்பெனி, காலையுணவையே விற்றாலென்ன என்று எண்ணினர். ஜனாதிபதி தேர்தல் நடைபெறுங் காலமாதலின், ஒபாமா பெயரில் ஒன்றும் மெக்கெய்ன் பெயரில் ஒன்றுமாக வேடிக்கைப் பெட்டிகள் வரைந்தனர். கலாசாலைத் தோழர் ஒருவர் அச்சிட்டுதவினார். கடையில் வாங்கிய சாதாரணத் தானியத்தை நிரப்பி, வகைக்கு ஐந்நூறாக ஆயிரம் பெட்டிகளைத் தம் சமையலறையிலே கையால் மடித்துப் பசையிட்டு ஒட்டினர். ஒவ்வொன்றிலும் வரிசை எண் உண்டு. விலை 40 டாலர். சில பெட்டிகளைப் பத்திரிகையாளருக்கு இலவசமாக அனுப்பினர். தேர்தற் செய்தியே எழுதி அலுத்திருந்த அவர்களுக்கு இது விருந்தாயிற்று. ஒபாமா பெட்டிகள் சில நாளில் தீர்ந்தன. மற்றவற்றில் எஞ்சியதைப் பசித்தபோது தாமே உண்டனர். ஏறத்தாழ முப்பதினாயிரம் டாலர் கிடைத்தது.

இக்கதையைச் சொல்லுவோர் பலர் இதனோடு நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தலாகாது. பெட்டி கடனைக் குறைத்ததேயன்றி, ஒரு விருந்தினரையேனும் அவ்வலைத்தளத்திற் குடியேற்றவில்லை. அதன் பயன் வேறிடத்தில் தோன்றியது. புதுக் கம்பெனிகளைப் பயிற்றும் ஒய் காம்பினேட்டர் என்னும் நிலையத்தின் தலைவர் பால் கிரஹாம், இவர்கள் எண்ணத்தை ஏற்கவில்லை. விடைபெறும் வேளையில் அவர் கையில் ஒரு பெட்டி கொடுக்கப்பட்டது. நாலு டாலர் தானியத்தை நாற்பது டாலருக்கு விற்க வல்லவர் இம்மந்தத்திற் சாகமாட்டார் என அவர் கருதினார். 20,000 டாலர் முதலும் அளித்தார். அஃதாவது, பெட்டி விளம்பரப்படுத்தியது சரக்கையன்று, விற்போரின் விடாமுயற்சியையேயாம்.

மெய்யான விற்பனை 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூயார்க்கில் நிகழ்ந்தது. வாரத்திற்கு ஏறக்குறைய 200 டாலரே வருமானமாயிருந்தபோது, வலைத்தளத்திலுள்ள வீட்டுப் படங்கள் இருண்டு மங்கிக் கிடப்பதைக் கண்டனர். உடனே நகரமெங்குஞ் சென்று, வீட்டுக்காரர் கதவைத் தட்டி, நல்ல படங்களைத் தாமே பிடித்து ஏற்றினர். ஒரு வாரத்தில் வருமானம் இருமடங்காயிற்று. படங்கள் மட்டுமோ அதற்குக் காரணம்? வீட்டுக்காரருடன் உட்கார்ந்து பேசியதனால், எத்தகைய பயம் அவர்களைத் தடுக்கின்றது என்பதும் விளங்கிற்று. வேலையிழந்தாரும் வாடகை செலுத்த இயலாதாரும் அந்நகரிற் பெருகியிருந்தமையால், ஓரறையை வாடகைக்கு விட்டேனும் வீட்டைக் காத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கிருந்தது. மந்தமே இச்சரக்குக்கு வேண்டுவோரைப் படைத்தது என்று கூறின் மிகையாகாது. மந்தத்தில் மக்கள் வாங்குவதை முற்றும் விடுவதில்லை. பழையதை விட்டு மலிவானதைத் தேடுகின்றனர். அத்தேட்டம் எத்திசையிற் செல்கின்றதென்று அறிந்தவனே வெல்லுகின்றான்.

நம் மாணவர் இதனைப் படித்து நாளையே கடனட்டைகளை அடுக்கத் தொடங்காதிருப்பாராக. அமெரிக்காவிற் புதிதாய்த் தோன்றுங் கம்பெனிகளிற் பாதி ஐந்தாண்டு முடியுமுன் மறைந்துவிடுகின்றன என்பது அந்நாட்டு அரசாங்கக் கணக்கு. ஒபாமா பெட்டிக்கு முன்னும் பின்னும் எத்தனை பெட்டிகள் விற்காது கிடந்தனவோ! வென்றவர் வரலாற்றை மட்டுமே நாம் வாசிக்கின்றோம். மேலும் ஹியூலெட்டுக்கு ஓர் ஆசிரியரின் முகவரிப் பட்டியலும், செஸ்கிக்கு ஒரு தோழரின் அச்சகமும் வாய்த்தன. கலாசாலை நட்பும் ஒருவகை மூலதனமே, அதற்கு வட்டியில்லை.

வெற்றியின் மறுபக்கமும் உண்டு. குடியிருப்பு வீடுகள் பயணிகளின் விடுதிகளாக மாறுவதால் உள்ளூராருக்கு வாடகை ஏறுகின்றதென்று பல நகரங்களில் முறையீடு எழுந்தது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல் குறுங்கால வாடகைக்குக் கடுமையான பதிவுமுறையை நடைமுறைப்படுத்தியது. பார்சலோனா நகரத்தார் ஏறக்குறைய பதினாயிரம் பயணியர் குடியிருப்புகளின் உரிமங்களை 2028-க்குப் பின் புதுப்பிப்பதில்லையென 2024-இல் அறிவித்தனர். வாடகைத் துன்பத்திற் பிறந்த கம்பெனியே வாடகைத் துன்பத்திற்குக் காரணமென்று பழிக்கப்படுவது விந்தையே.

2020-இல் உலகெங்கும் பரவிய கொள்ளைநோயாற் பிரயாணம் நின்றபோது, ஏர்பிஎன்பி தன் ஊழியருள் நாலிலொரு பங்கினரை, அஃதாவது ஏறத்தாழ 1,900 பேரை, விலக்கியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அதன் பங்குகள் சந்தைக்கு வந்து, முதல் நாளிற் கம்பெனியின் மதிப்பு 8,000 கோடி டாலருக்கு மேற்சென்றது. ஆனால் அதற்கு முன், மே மாதத்தில், விலக்கப்பட்டோரில் விரும்பியவர்களின் பெயரையும் திறமையையும் ஒரு பொதுப் பட்டியலாக அக்கம்பெனி வெளியிட்டது. ஆள் சேர்க்கும் பணியிலிருந்த தன் ஊழியர் சிலரை, அவர்களுக்குப் பிற இடங்களில் வேலை தேடித் தரும் பணியில் அமர்த்தியது.