அம்மாவுக்கு ஒரு தனிக் கணக்கு!

"தமிழ்ல கேட்டிருந்தா நான் ஏண்டா அதை அழுத்தப் போறேன்?"

அம்மாவின் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். அப்பாவின் பழைய போட்டோக்கள் இருந்த ஃபோல்டரை, கேம்ஸ் ஆடும் அவசரத்தில் என் புத்திர சிகாமணி குப்பைத்தொட்டிக்குள் தள்ளிவிட்டான். போட்டோவைத் தேடிப் போன அம்மா எதையோ அழுத்த, கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறது. இரண்டு பட்டன்கள், ஒன்று சிவப்பு. "அதுதான் எடுப்பா இருந்துச்சு, அழுத்திட்டேன்!" தொட்டி சுத்தம். பாதிப் படங்கள் தங்கையின் பென்டிரைவில் கிடைத்தன. மீதி, போனது போனதுதான்.

அன்றே சபதம் போட்டேன்: நம் வீட்டு லினக்ஸ் இனி தமிழ் பேசும்!

செட்டிங்ஸில் மொழியைத் தமிழாக்கினேன். ஃபோல்டர்களின் பெயரையும் தமிழாக்கவா என்று கேட்டது. உற்சாகத்தில் அதற்கும் சரி என்றேன். மறுநாள் காலை பையன் அலறினான்: "அப்பா, கம்ப்யூட்டருக்கு என்னமோ ஆயிடுச்சு!" பின்னாலேயே மனைவி: "டாகுமெண்ட்ஸ்ல இருந்த என் ஆபீஸ் ஃபைல் எங்கே?" தமிழ்ப் பெயரில் புதிதாக முளைத்த ஃபோல்டர் காலி, ஃபைலெல்லாம் பழைய ஃபோல்டரிலேயே பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

தப்பு எங்கே? வீட்டில் நான்கு பேரும் ஒரே பெயரில் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். லெட்ஜரில் ஆளுக்கு ஒரு பக்கம் என்று பி.காம். முதல் வருஷமே படித்தவன் நான்! 1969-ல் பிறந்த யூனிக்ஸே, பல பேர் ஒரு மெஷினைப் பங்கு போட்டுக்கொள்ள வளர்ந்ததுதான். அதே பாணியில் 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த லினக்ஸுக்கும் அந்தக் குணம் உண்டு.

பழைய கணக்கை இங்கிலீஷுக்கே திருப்பினேன். 'யூஸர்ஸ்' பகுதியில் அம்மா பெயரில் புதுக் கணக்கு. அதற்குள் போய் மொழியைத் தமிழாக்கினேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை! அரை மணி நேரம் முட்டிக்கொண்ட பிறகுதான் விளங்கியது. நாம் லாகின் செய்யும் அந்த நேரத்தில்தான் மொழிக் குறிப்பைக் கம்ப்யூட்டர் படிக்கிறது. அதற்கு 'லாங்' என்று பெயர். அதில் டி.ஏ. என்றால் தமிழ், ஐ.என். என்றால் இந்தியா, இலங்கைக்காரர்களுக்கு எல்.கே. அதற்கப்புறம் திறக்கிற புரோகிராம்களுக்கெல்லாம் அது பரம்பரைச் சொத்து மாதிரி போய்ச் சேரும். நடுவில் உயிலை மாற்றினால் செல்லாது. வெளியே வந்து, மறுபடி உள்ளே போகணும்.

போனேன். மெனு, கிழமை, எச்சரிக்கை எல்லாம் தமிழ்! ஃபோல்டர் கேள்வி திரும்ப வந்தது. 'பழைய பெயரே இருக்கட்டும்' என்றேன். பட்டது போதாதா?

நீங்களும் உங்கள் வீட்டில் செய்யலாம். ஒரு புரோகிராமை யாரும் தமிழாக்கவில்லை என்றால் அது மட்டும் இங்கிலீஷிலேயே வரும். குடி முழுகிவிடாது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். தன் பெயரை அழுத்தி, பாஸ்வேர்டைத் தானே தட்டினாள். திரையை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கோப்புன்னா என்னடா?"

"ஃபைல்மா."

"அப்படித் தமிழ்ல சொல்லு!"