உருளும் பீப்பாயும் ஓர் ஏணியும்

விரல் வேகத்தைத் தவிர கைப்பேசி விளையாட்டில் என்ன இருக்கிறது என்று எங்கள் தொண்டாமுத்தூர்ப் பெரியவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. தாவிக் கடக்கும் விளையாட்டுகளின் முன்னோடியான 'டான்கி காங்'கையே எடுத்துக்கொள்வோம்.

1981-இல் நின்டெண்டோவுக்காக ஷிகெரு மியமோட்டோ வடிவமைத்தது அது. உச்சியில் நிற்கும் மனிதக் குரங்கு உருட்டிவிடும் பீப்பாய்கள், சரிந்த இரும்புச் சட்டங்களின் வழியே கீழே வருகின்றன. தச்சன் ஒருவன் (பின்னாளில் மரியோ ஆனவன்) அவற்றைத் தாண்டி மேலேற வேண்டும். ஒரு தாவலுக்கு 100 புள்ளிகள்.

பீப்பாய்க்குப் பகை ஏதுமில்லை. சரிவில் உருள்கிறது, அவ்வளவே. ஆனால், ஏணியின் தலைப்பை அடைந்ததும் சில வேளை நேராகப் போகிறது. சில வேளை ஏணி வழியாகவே இறங்கிவிடுகிறது. ஏணியில் இருப்பவனுக்கோ தாவ வழியில்லை. ஆகவே, ஏணியடியில் ஒரு சிறுவன் அசையாமல் நின்றால், அவன் விளையாட்டை நிறுத்திவிட்டான் என்று பொருளல்ல. மேலே வரும் பீப்பாய் இறங்குமா, கடக்குமா என்று கணித்துக்கொண்டிருக்கிறான்.