டாக்டர் வீட்டுப் பெண்... டாக்டர்கள் மீது வழக்கு! யார் இந்த ஹர்மீத் தில்லான்?

சண்டிகரில் 1969-ல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் ஹர்மீத் தில்லான். அப்பா எலும்பு மருத்துவர். சிறுவயதில் அமெரிக்கா போய், வட கரோலினாவின் ஸ்மித்ஃபீல்டு என்ற சிற்றூரில் வளர்ந்தார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 2006-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் சொந்தமாகச் சட்ட நிறுவனம் தொடங்கினார். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்த ஊரில் இவர் பக்கா குடியரசுக் கட்சிக்காரர்!

2023-ல் இவரது தரப்பு தொடுத்த வழக்குதான் பேசுபொருளானது. கலிபோர்னியாவின் க்ளோயி கோல், தன்னை ஆணாக உணர்ந்து 13 வயதில் ஹார்மோன் சிகிச்சை தொடங்கியவர். 15 வயதில் மார்பக நீக்க அறுவை சிகிச்சையும் நடந்தது. அடுத்த ஆண்டே வருந்தி, மீண்டும் பெண்ணாக வாழத் தொடங்கினார். இப்படித் திரும்புகிறவர்களை 'டீட்ரான்சிஷனர்' என்கிறார்கள். ஆபத்துகளை முழுமையாகச் சொல்லவில்லை என்பது க்ளோயியின் புகார். இந்தச் சிகிச்சை பலருக்குத் தேவை என்பது அமெரிக்காவின் பெரிய மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு.

இத்தகைய வழக்குகளை எடுக்க வக்கீல்கள் தயங்குவதில் ஆச்சரியமில்லை. கலிபோர்னியாவில் மன வேதனைக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 1975 முதல் 2,50,000 டாலராக இருந்தது, 2023-ல்தான் 3,50,000 ஆனது. வழக்குக்கு 90 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். காலக்கெடு பொதுவாக 3 ஆண்டுதான். சிறுவயதில் சிகிச்சை எடுத்தவருக்கு வருத்தம் தாமதமாக வந்தால், கோர்ட்டுக் கதவு மூடியிருக்கும்!

2025 ஏப்ரலில் செனட் 52-45 என ஒப்புதல் தர, நீதித்துறையின் சிவில் உரிமைப் பிரிவுக்குத் தலைவரானார் ஹர்மீத்.