தீராத நோயச்சமும் ஆயரின் மறுமொழியும்

கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றித் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கிய மருத்துவர் பால் பிராண்டை நம்மில் பலர் அறிவர். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இரயில் பயணம் முடித்த ஓர் இரவு, காலுறையைக் கழற்றுகையில் தம் குதிகாலில் உணர்ச்சியில்லை என்று கண்டார். ஊசியால் குத்தினார், இரத்தம் கசிந்தது, வலியில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்று எண்ணி, குடும்பத்தைப் பிரிந்து வாழவேண்டிய நாட்களைக் கற்பனை செய்தவராய் இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். காலையில் மறுபடியும் குத்தினார். வலித்தது! பயணத்தில் ஒடுங்கி அமர்ந்திருந்ததால் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவே.

பிராண்டின் அச்சம் ஓர் ஊசியோடு முடிந்தது. அவ்வாறு முடியாத அச்சத்தையே நாம் இங்கு ஆராய்கிறோம். நாமக்கல்லில் லாரித் தொழில் செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நெஞ்சில் குத்தல். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் நன்றாகவே உள்ளன. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், 'கருவி பழுதோ? டாக்டர் அவசரமாகப் பார்த்தாரோ?' என்ற ஐயம். சேலம் செல்கிறார், பின்பு கோயம்புத்தூர். நாளுக்குப் பலமுறை நாடி பார்க்கிறார், கைப்பேசியில் நோய்க்குறிகளைத் தேடுகிறார், மனைவியைக் கேட்கிறார். இறுதியில் ஆயரிடம் வருகிறார். இவர் நடிக்கிறவர் அல்லர். அச்சமே இதயத்தை விரைவுபடுத்தி மார்புத் தசைகளை இறுக்குவதால், அவர் உணரும் வலி மெய்யான வலி. அதையே அவர் நோய்க்குச் சான்றாகவும் கொள்கிறார்.

இங்கு ஆயர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 'உமக்கு ஒன்றுமில்லை' என்ற சொல் கேட்பவரை உடனே ஆற்றுகிறது. ஆனால் ஆறுதல் வெளியிலிருந்தே வரவேண்டும் என்று மனம் பழகிவிடுவதால், அடுத்த ஐயம் இன்னும் விரைவில் எழுகிறது. எர்ஃபர்ட் மடத்தில் இளந்துறவி லூத்தர் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும், விட்டுப்போன பாவம் ஏதேனும் உண்டோ என்று மீண்டும் கலங்கியதைத் திருச்சபை வரலாற்றில் கற்றிருக்கிறோம். அவர் பெற்ற மன்னிப்பில் குறைவில்லை. அவர் தேடிய முழு நிச்சயமே தன்னாராய்ச்சியால் கிட்டாத ஒன்று. ஸ்டௌபிட்ஸ் அவரது கண்ணைத் தம்மிடமிருந்து கிறிஸ்துவின் காயங்களுக்குத் திருப்பினார்.

ஆகவே பத்தாம் முறையும் உறுதி கூறுதல் உதவியன்று. விசுவாசக் குறைவென்று கடிந்துகொள்வதோ கொடுமை. ஜெபமும் இதில் சிக்கக்கூடும்: 'புற்றுநோய் இல்லையென்று ஜெபியுங்கள்' என்று இரவுதோறும் தொலைபேசியில் கேட்பவருக்கு, நம் ஜெபம் இன்னொரு ஸ்கேன் ஆகிவிடுகிறது. (இதைச் சொல்ல ஆயர்கள் தயங்குகிறோம், ஜெபிக்க மறுத்தார் என்ற பெயர் வருமே!) அன்றைய வேலைக்கும் உறக்கத்திற்குமாக ஜெபிப்போம், சோதனை முடிவுக்காக அன்று.

ஒரே மருத்துவர், குறித்த நாளில் மட்டும் சந்திப்பு என்று முடிவுசெய்யச் சொல்லலாம். புதிய அல்லது கடுமையான நோய்க்குறி தோன்றினால் காத்திராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். இதில் விட்டுக்கொடுத்தல் கூடாது. நாடி பார்க்கும் உந்துதல் வரும்போது அரைமணி நேரம் தள்ளிப்போடப் பழகுவது தொடக்கம். மனநல மருத்துவர்கள் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் உரையாடல் சிகிச்சையாலும், தேவையானால் மருந்தாலும் இந்நிலையைக் குணப்படுத்த முயல்கின்றனர், பலர் தேறுகின்றனர். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். 'பைத்தியம்' என்ற சொல்லுக்கு அஞ்சுகிறவரோடு முதல்முறை ஆயரே உடன் செல்வது நலம்.

வீட்டாரையும் அமர்த்திப் பேசவேண்டும். கணவர் மீண்டும் கேட்கையில், "அதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு ஐயாகிட்டப் பேசி முடிவு பண்ணினோமே; வாங்க, சாப்பிடலாம்" என்று மனைவி கூறட்டும். முதல் சில வாரங்களில் கோபமும் அழுகையும் மிகும்; அதை எதிர்பார்த்தே தொடங்கவேண்டும்.