இடுப்பு வலி, கீழ்முதுகு வலிக்கான எளிய உடற்பயிற்சிகள்

கீழ்முதுகு வலி உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் உடல்நலச் சிக்கல்களில் ஒன்று. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2020-ஆம் ஆண்டில் 61.9 கோடிப் பேர் இதனால் பாதிக்கப்பட்டிருந்தனர். இவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு முறிவு, தொற்று போன்ற குறிப்பிட்ட காரணம் எதுவும் இருப்பதில்லை. இத்தகைய வலிக்கு நாள்கணக்கில் படுத்திருப்பதைவிட, உடலை மெல்ல இயக்குவதே பயன் தரும்.

வலி எங்கே?

பேச்சு வழக்கில் 'இடுப்பு' என்ற சொல் முதுகின் கீழ்ப்பகுதியையும் இடுப்பு மூட்டையும் சேர்த்தே குறிக்கிறது. ஆனால் இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். கீழ்முதுகு வலி, கடைசி விலா எலும்புக்கும் பிட்டத்துக்கும் இடையே இருக்கும். நரம்பு அழுத்தப்பட்டால் அது காலுக்கும் இறங்கும். கீழ்முதுகு முள்ளெலும்புகளில் தொடங்கும் ஒரு தசை, இடுப்பைக் கடந்து தொடை எலும்பில் முடிகிறது. எனவே இரு பகுதிகளுக்கும் சேர்த்துப் பயிற்சி செய்வது நல்லது.

ஓய்வு எவ்வளவு?

1986-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் முதுகு வலிக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு 2 நாளும், மற்றவர்களுக்கு 7 நாளும் படுக்கை ஓய்வு பரிந்துரைக்கப்பட்டது. 2 நாள் பிரிவினர் குறைந்த நாள்களே வேலைக்கு விடுப்பு எடுத்தனர். நீண்ட ஓய்வால் கூடுதல் பயன் காணப்படவில்லை.

பயிற்சிகள்

தரையில் பாய் விரித்துச் செய்யலாம். மூச்சை அடக்கக் கூடாது.

1. முழங்காலை மார்புக்கு இழுத்தல்: மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்பை நோக்கி இழுத்து 20 நொடி வைத்திருக்க வேண்டும். காலுக்கு 3 முறை.

2. கீழ்முதுகை அழுத்துதல்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வயிற்றை உள்ளிழுத்துக் கீழ்முதுகைத் தரையில் 5 நொடி அழுத்த வேண்டும். 10 முறை.

3. பாலம்: அதே நிலையில் தோள் முதல் முழங்கால் வரை நேர்கோடாகும்படி இடுப்பை உயர்த்தி, 5 நொடி கழித்து இறக்க வேண்டும். 10 முறை. இது பிட்டத் தசைகளை வலுவாக்கும்.

4. பிட்டத் தசை நீட்டல்: மல்லாந்து படுத்து, ஒரு கணுக்காலை மறு முழங்காலின் மேல் வைத்து, கீழே உள்ள தொடையை மார்பை நோக்கி 20 நொடி இழுக்க வேண்டும். பக்கத்துக்கு 3 முறை.

5. முதுகை வளைத்தல்: குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்த வேண்டும். நியூசிலாந்து இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி இவ்வகைப் பயிற்சியைப் பரவலாக்கினார். காலில் உள்ள வலி முதுகை நோக்கிச் சுருங்கினால் தொடரலாம். கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

இவற்றுடன் தினமும் நடப்பதும், நெடுநேரம் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இடையிடையே எழுந்து நிற்பதும் நல்லது.

எச்சரிக்கை

லேசான இழுப்பு இயல்பானது. கூர்மையான வலி அப்படியல்ல. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், சிறுநீர் கழிக்க முடியாமை, தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல், கால் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; தாமதித்தால் நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், கீழே விழுந்த பின் தோன்றும் வலி ஆகியவற்றுக்கும் முதலில் தேவை மருத்துவப் பரிசோதனையே.