சரக்கு வராத பில்

2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த நாள்தொட்டு, அதில் பதிவு பெற்ற சிறு வியாபாரி பொதுவாக, வாங்குகிறவரிடம் வரியை வசூலித்து அரசாங்கத்திடம் ஒப்படைக்கும் பொறுப்பையும் தம் தொழிலோடு சேர்த்தே சுமந்து வருகிறார். அவ்வாறு வசூலித்த பணம் சில வாரங்கள் தம் கல்லாவில் கிடந்தாலும் தம்முடையதன்று என்பதை உணர்ந்தவருக்கு இச்சட்டத்தின் பெரும்பகுதி எளிதில் விளங்கும். அதை மறந்தவர், எத்தனை கெட்டிக்காரராயினும், ஒருநாள் பெருஞ்சங்கடத்துக்கு ஆளாகிறார்.

இந்த வரியின் உயிர்நாடி, உள்ளீட்டு வரி வரவு என்னும் ஏற்பாடு. இரும்புத் தகடு வாங்கி பீரோ செய்து விற்கும் பட்டறைக்காரர் ஒருவர், 10 லட்சம் ரூபாய்க்குத் தகடு வாங்கும்போது 18 சதவீத வரியாக 1,80,000 ரூபாய் கொடுக்கிறார். பீரோக்களை 12 லட்சத்துக்கு விற்கும்போது 2,16,000 ரூபாய் வரி வசூலிக்கிறார். முன்பு கொடுத்ததைக் கழித்துக்கொண்டு 36,000 ரூபாயை மட்டும் அரசுக்குச் செலுத்துகிறார். வரிக்கு மேல் வரி ஏறாதபடி நியாயமாக வகுக்கப்பட்ட இந்தக் கழிவைத்தான் மோசடிக்காரர்கள் தங்கள் மூலதனமாக்கிக் கொண்டார்கள்.

போலி பில் பிறக்கும் விதம்

கடன் வாங்கித் தருவதாகவோ வேலை தருவதாகவோ ஆசை காட்டி, ஏழைத் தொழிலாளி ஒருவரின் ஆதார், பான் அட்டை நகல்களைப் பெற்று, அவர் பெயரில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அந்நிறுவனத்தின் பெயரால் சரக்கே இல்லாத பில்களை எழுதிச் சொற்பக் கமிஷனுக்கு விற்பவர்களை வணிக வட்டாரம் 'பில் டிரேடர்' என்று அழைக்கிறது. பில்லை வாங்குகிறவர் வங்கி வழியே பணத்தை அனுப்புகிறார்; கமிஷன் போக மிச்சம் ரொக்கமாகத் திரும்பி வருகிறது; கட்டாத வரியைக் கட்டியதுபோல் அவர் கணக்கில் கழித்துக்கொள்கிறார். தாம் எந்தத் தொழிலுக்கு முதலாளி என்பதே அறியாத அந்தக் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு, லட்சக்கணக்கில் வரி பாக்கி என்று ஒருநாள் நோட்டீஸ் வருகிறது.

இதனால் பில் வாங்கியவருக்கு நேர்வதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10 லட்ச ரூபாய் போலி பில்லால் 1,80,000 ரூபாயைக் கழித்துக்கொண்டவர், இரண்டாண்டு கழித்துப் பிடிபட்டால், அந்த வரியையும், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியாக 64,800 ரூபாயையும், வரிக்குச் சமமான அபராதத்தையும் சேர்த்து 4,24,800 ரூபாய் கட்டவேண்டும். பொய்யாகக் கழித்த வரி 5 கோடியைத் தாண்டினால் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. போதாததற்கு, கணக்குப் புத்தகத்தில் பொய்ப் பதிவு செய்தால் அப்பதிவின் முழுத் தொகையையும் அபராதமாக விதிக்கும் பிரிவு 2020இல் வருமானவரிச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது.

நேர்மையாளரும் சிக்கும் இடம்

உண்மையாகவே சரக்கு வாங்கி, உண்மையாகவே வரியும் கொடுத்தவர், விற்றவர் அதை அரசுக்குக் கட்டாமல் மறைந்துவிட்டதால் வருந்த நேர்வதுதான் இதில் மிகவும் பரிதாபமானது. வாங்கியவர்மீது பாய்வதற்கு முன் விற்றவரை விசாரிக்க வேண்டாமா என்று, கச்சா ரப்பர் தாள் வியாபாரிகளின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் அவர்களுக்கு ஆதரவாகக் கேட்டது. ஆயினும், கர்நாடக மதிப்புக் கூட்டு வரி பற்றிய ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் 2023 மார்ச்சில், பில்லும் காசோலையும் மட்டும் போதா; சரக்கு மெய்யாக வந்து சேர்ந்ததை நிரூபிக்கும் கடமை கழிவு கோருபவருடையதே என்று தீர்ப்பளித்தது. ஆகவே லாரி எண், வாடகை ரசீது, எடைச் சீட்டு, இ-வே பில், சரக்கைப் பெற்றுக்கொண்ட ஒப்புகை ஆகியவற்றை பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவதே வியாபாரியின் கவசம்.

புதியவர் ஒருவரிடம் சரக்கு வாங்குமுன் அவருடைய 15 இலக்கப் பதிவு எண்ணை வரித்துறை இணையதளத்தில் இட்டுப் பார்த்தால், பதிவு உயிரோடு இருக்கிறதா, ரிட்டர்ன்கள் ஒழுங்காகத் தாக்கலாகின்றனவா என்பது தெரிந்துவிடும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுள், விற்றவர் 11ஆம் தேதிக்குள் தம் விற்பனையைக் காட்டவேண்டும். 14ஆம் தேதி அது வாங்கியவரின் 2பி என்னும் கழிவு அறிக்கையில் தோன்றும். 20ஆம் தேதிக்குள் வரி கட்டவேண்டும். 2022 ஜனவரி முதல் அவ்வறிக்கையில் தோன்றாத பில்லுக்குக் கழிவு கிடையாது என்பதால், இடைப்பட்ட ஆறு நாட்களில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, பில்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதலாளியின் கடமையாகும்.

இக்கடமையை முற்றிலும் ஆடிட்டரிடமோ கணக்கரிடமோ விட்டுவிட்டு, பதிவில் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும்கூட அவர்களுடையதாகவே கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. நோட்டீஸ்கள் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. முதலாளி அறியாமலே கெடு கழிந்து, அவர் தரப்பைக் கேளாமலே உத்தரவு பிறந்து, வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகுதான் விஷயம் வெளிப்படுகிறது. இப்படிச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடி வந்த வியாபாரிகள் பலர். கோரப்பட்ட வரியில் ஒரு பகுதியை முதலில் கட்டவேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே அவர்களில் அநேகருக்கு மறுவிசாரணை கிடைத்தது. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். சட்டத்தின் முன் பொறுப்பை ஒப்படைக்க இயலாது.

தவறு நிகழ்ந்துவிட்டதென்று தெரிந்தவர்க்கும் வழி அடைபட்டுவிடவில்லை. நோட்டீஸ் வருமுன் வரியையும் வட்டியையும் தாமே முன்வந்து கட்டுவோருக்கு, மோசடி வழக்கிலும், அபராதம் 15 சதவீதத்தோடு நின்றுவிடும். தாமதிக்கத் தாமதிக்க அது 25, 50 என்று ஏறி, வரிக்குச் சரிசமமாகிறது.

போலி பில் அரசாங்கத்தை மட்டும் ஏமாற்றுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது அடுத்த கடைக்காரரையும் கெடுக்கிறது. கட்டாத வரியைக் கழித்துக்கொண்டவர் அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்கும்போது, ஒழுங்காக வரி கட்டும் அண்டைக் கடைக்காரர் வாடிக்கையை இழந்து நிற்கிறார். எனவே போலி பில்லை ஒழிக்கும் வேலையை அதிகாரிகளிடம் மட்டும் விட்டுவிடாமல், ஊர்தோறும் உள்ள வணிகர் சங்கங்கள் தம் உறுப்பினருக்கு இந்த விவரங்களைக் கற்பித்து, பில் விற்கும் தரகரை எந்தக் கடையிலும் அண்டவிடாமல் செய்யவேண்டும். நாணயமான வியாபாரியைக் காப்பாற்ற அதைவிடச் சிறந்த உபாயம் இல்லை.