இறங்கும் வழியும் ஏறும் நீரும்

வீட்டுக் கூடத்தில் பெரிய மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள், கடைக்குப் போனதும் முதலில் விசாரிப்பது பம்பைத்தான். அட்டைப்பெட்டியின் மேல் மணிக்கு 3,000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால் அதை அப்படியே நம்பி, பெரிதாக இருப்பதில் நஷ்டமென்ன என்று வாங்கிவந்துவிட்டு, நீர் இறங்கவேண்டிய குழாயைத் தொட்டியில் ஏற்கெனவே இட்டிருக்கும் துளைக்குத் தக்கபடி கடைசியில் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

மேலே காட்சித் தொட்டியும், மேசைக்கடியில் சம்ப் எனப்படும் வடிகட்டும் தொட்டியுமாக அமைந்த ஏற்பாட்டில், நீரை ஏற்றுவதற்கு மின்சக்தி இருக்கிறது. இறக்குவதற்கோ பூமியின் ஆகர்ஷணத்தைத் தவிர வேறு துணை கிடையாது. இறங்குவது பின்தங்கினாலும் பம்பு அதை அறியாது. கீழே நீர் உள்ளவரை ஏற்றிக்கொண்டேயிருக்க, மிகுந்த நீர் கூடத்துத் தரையில் வழியும்.

4 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். மணிக்கு 5 முறை நீர் சுற்றிவர வேண்டுமானால் ஏறத்தாழ 1,275 லிட்டர் இறங்கியாக வேண்டும். துளையின் வழியே நீர் பாயும் வேகம், அதன்மேல் நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும் என்ற நியதியை இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 1644இல் வெளியிட்டார். குழாயின் வாய்க்கு மேல் 2 அங்குல நீர் நின்றால் வேகம் வினாடிக்கு 1 மீட்டர். வாயருகே ஓட்டம் சுருங்குவதால் அதில் பத்தில் ஆறு பங்கையே கணக்கில் கொள்ளலாம். இப்படிப் பார்த்தால் 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் மணிக்குச் சுமார் 1,060 லிட்டரையே ஏற்கும். நமக்கு அது போதாது. 38 மி.மீ. குழாயோ 2,400 லிட்டருக்கும் மேல் இடங்கொடுக்கும். ஓட்டத்தை இரு மடங்காக்க நீர்மட்டத்தை 4 மடங்கு உயர்த்த வேண்டியிருக்க, விட்டத்தை இரு மடங்காக்கினாலோ ஓட்டமே 4 மடங்காகிவிடும் என்பதால், தாராளம் காட்டவேண்டிய இடம் விட்டமே. கடைக்காரர் 25 மி.மீ. பி.வி.சி. என்று எடுத்துத் தருவது வெளிவிட்டக் கணக்கு என்பதையும் மறக்கலாகாது. நீர் போகும் வழி அதைவிடக் குறுகியது.

காற்றுப் புகாமல் குழாய் முழுதும் நிரம்பி, சைஃபனாக நீரை இழுக்கும்போது அதே குழாய் பன்மடங்கு நீரைக் கொண்டுசெல்லும். இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும் களகளச் சத்தமும் நின்றுபோகும். இறங்கு குழாயில் பொருத்திய கேட் வால்வைச் சிறிது சிறிதாகத் திருகி இந்நிலையை வரவழைக்கலாம். ஆனால் ஒரு நத்தையோ இலையோ வாயை அடைத்துவிட்டால் விபரீதமாகுமாதலால், சற்று உயரத்தில், வால்வு எதுவுமில்லாத அவசரக் குழாயொன்று கட்டாயம் வேண்டும்.

இனி பம்பு. பெட்டியின்மேல் போட்டிருக்கும் 3,000 லிட்டர், நீரைச் சிறிதும் உயர்த்தாதபோது கிடைக்கும் அளவு. அதே பெட்டியில் அதிகபட்ச உயரம் 2.5 மீட்டர் என்றிருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. நமக்கு வேண்டிய 1.2 மீட்டரில் ஏறக்குறைய பாதியளவு கிடைக்கலாம், எல்போ எனப்படும் ஒவ்வொரு வளைவு இணைப்பும் அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மிகுதியாக வந்தால் வெளிவாயிலுள்ள வால்வைத் திருகிக் குறைக்கலாம். உறிஞ்சும் வாயை மட்டும் ஒருபோதும் நெரிக்கலாகாது.

மின்சாரம் நின்றவுடன் நீர் ஏறிய குழாய் வழியாகவே திரும்பி இறங்கும். நம் தொட்டியில் 1 அங்குல நீர் என்பது 14 லிட்டர். குழாயின் முனை 4 அங்குலம் மூழ்கியிருந்தால் 56 லிட்டர் சம்பில் வந்து விழும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட்டால் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுபடும். பாசி அதை அடைத்துவிடாமல் அவ்வப்போது துடைக்க வேண்டும். ஆகையால் மீன்களை விடுமுன்பே, தொட்டியை ஓடவிட்டு, வேண்டுமென்றே சுவிட்சை அணைத்து, சம்பில் நீர் ஏறி நிற்கும் மட்டத்தைப் பாருங்கள். பிறகு மீண்டும் ஓடவிட்டு, இறங்கு குழாயின் வாயைக் கையால் அடைத்து, அவசரக் குழாய் ஒன்றே முழு நீரையும் தாங்குகிறதா என்றும் பரிசோதியுங்கள். தாங்காவிட்டால் மாற்றவேண்டியது அந்தக் குழாயை, அல்லது குறைக்கவேண்டியது பம்பை.